அலுமினியம், தண்ணீர், சில நொடிகள்: பீன்யாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் அலுமினியத்துக்கு ஹீட் ட்ரீட்மென்ட் செய்து பிழைக்கிறவன் நான். கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் பக்கத்திலிருந்து ஐடிஐ, டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகளும், சிஎன்சி ஜாப் ஷாப் வைத்திருக்கும் நம்மூர் ஆட்களும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். டீக்கடையில் நின்றபடி பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். புத்தகத் தமிழில் எழுத வராது, ஷாப்பில் பேசுகிற மாதிரியே இருக்கும்.

அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கெட்டியாகிறது. அலுமினியத்தை அதேபோல் முக்கினால் ஏன் மெத்தென்று ஆகிறது?

முதல் நாளே எல்லோரும் குழம்பும் இடம் இது. கொல்லுப்பட்டறையில் துவைச்சல் போடுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். எஃகில் நடப்பது வேறு: சூட்டில் இருக்கும்போது இரும்பு அணுக்கள் ஒரு விதமாக அடுக்கியிருக்கும், சட்டென்று குளிர்த்தால் கார்பன் வெளியேற நேரமில்லாமல் மாட்டிக்கொண்டு அடுக்கே கோணலாகி, மார்ட்டென்சைட் என்கிற கெட்டியான நிலைக்கு ஒரே நொடியில் போய்விடும். அலுமினியத்துக்கு அப்படி அடுக்கு மாறும் வித்தையே கிடையாது. சூட்டிலும் குளிரிலும் அதே அடுக்குதான். க்வென்ச் செய்து, அதாவது சூட்டோடு தண்ணீர்த் தொட்டியில் முக்கி, வெளியே எடுத்த 6061 துண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள் (6061, 7075, 2024 எல்லாம் அலுமினியக் கலவைகளின் எண்கள்), மெல்லிய பட்டை என்றால் கையாலேயே வளைக்கலாம். கெட்டியாவது அதற்கப்புறம்தான், ஏஜிங்கில், அதாவது மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைக்கும்போது.

அப்படியானால் க்வென்ச் எதற்கு? நேராக ஏஜிங் போட்டுவிடலாமே?

பாகு காய்ச்சியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கொதிக்கும் தண்ணீரில் சர்க்கரை எவ்வளவு வேண்டுமானாலும் கரையும். ஆறும்போது அவ்வளவையும் வைத்துக்கொள்ள முடியாது. மெதுவாக ஆறவிட்டால் நூலைச் சுற்றிக் கட்டி கட்டியாகக் கல்கண்டு பிடிக்கும். அலுமினியத்திலும் இதே கதைதான், திட நிலையிலேயே நடக்கிறது. வலிமைக்காகக் கலக்கும் செம்பை எடுத்துக்கொண்டால், 548 டிகிரியில் அலுமினியத்துக்குள் 5.65 சதவீதம் வரை கரையும். அறை வெப்பத்தில் 0.1 சதவீதம்கூடக் கரையாது. 6061-இல் கரைய வேண்டியவை மெக்னீசியமும் சிலிக்கானும், 7075-இல் துத்தநாகமும் மெக்னீசியமும்.

ஃபர்னஸில் வைத்து இவற்றை முழுக்கக் கரைப்பது சொல்யூஷன் ட்ரீட்மென்ட். அப்படியே சாவகாசமாக ஆறவிட்டால் உள்ளே கல்கண்டு பிடித்துவிடும். பெரிய பெரிய கட்டிகள், ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில், பெரும்பாலும் கிரெயின் (உலோகத்துக்குள் இருக்கும் சின்னப் படிகம்) எல்லைகளில். வலிமைக்கு ஒரு பைசா பிரயோஜனமில்லை. க்வென்ச் என்பது கல்கண்டு பிடிக்க நேரம் கொடுக்காமல், கரைந்ததைக் கரைந்தபடியே குளிருக்குள் இழுத்துக்கொண்டு வருவது. கூடவே இன்னொன்றும் வருகிறது, இதைப் பலர் சொல்வதில்லை: அதிக சூட்டில் படிக அடுக்கில் நிறைய காலி இடங்கள் இருக்கும், அணு இருக்க வேண்டிய இடத்தில் அணு இல்லாத ஓட்டைகள். வேகமாகக் குளிர்த்தால் அவையும் சிக்கிக்கொள்கின்றன. பிற்பாடு ஏஜிங்கில் செம்போ மெக்னீசியமோ நகர்ந்து ஒன்றுசேர வேண்டுமென்றால் இந்தக் காலி இடங்கள் வழியாகத்தான் நகர்கின்றன.

ஆக, ஏஜிங் அடுப்பு எதையும் புதிதாகப் படைப்பதில்லை. க்வென்ச் எவ்வளவைக் காப்பாற்றிக் கொடுத்ததோ அதை வைத்துத்தான் அது வேலை செய்கிறது. ஏஜிங்கில் கோளாறு என்று என்னிடம் வரும் ஜாப்களில் (வேலைக்கு வரும் பாகங்களைத்தான் ஜாப் என்போம்) பாதிக்குமேல் தொட்டியிலேயே கெட்டுப்போனவை.

ஏஜிங்கில் உள்ளே அப்படி என்னதான் நடக்கிறது?

கல்யாண மண்டபத்தில் நீளமான ஜமக்காளத்தை ஒரு சாண் நகர்த்த வேண்டுமென்றால் முழுதாக யாரும் இழுப்பதில்லை. ஒரு ஓரத்தில் சுருக்கம் உண்டாக்கி அந்தச் சுருக்கத்தைக் காலால் தள்ளிக்கொண்டே போவோம். உலோகம் வளையும்போது உள்ளே ஓடுவதும் அப்படி ஒரு சுருக்கம்தான், டிஸ்லொகேஷன் என்பார்கள். அது தடையில்லாமல் ஓடினால் உலோகம் மெத்து. ஜமக்காளத்துக்கு அடியில் நெருக்கமாகப் பொடிக்கற்கள் கிடந்தால் சுருக்கம் ஓடாது.

அந்தப் பொடிக்கற்கள்தான் ஏஜிங்கில் பிறக்கும் வீழ்படிவுகள். 6061-ஐ 175 டிகிரியில் 8 மணி நேரம் வைத்தால், மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்து ஊசி ஊசியாக நிற்கும். ஊசியின் தடிமன் 4 நானோமீட்டர் அளவு, தலைமுடியின் தடிமனை இருபதாயிரம் பங்கு போட்டால் வரும் ஒரு பங்கு. சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும். ஷாப் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு "மைக்ரோஸ்ட்ரக்சர் ஓகே" என்று ரிப்போர்ட் எழுதுகிறவர்கள் பார்த்தது கிரெயினையும் பெரிய கட்டிகளையும்தான். வலிமை தரும் பொருளை அவர்கள் பார்க்கவே இல்லை.

படிவு மிகச் சிறிதாக இருந்தால் டிஸ்லொகேஷன் அதை வெட்டிக்கொண்டு போய்விடும். வளர வளர வெட்டுவது கடினமாகும், வலிமை ஏறும். ஒரு கட்டத்துக்குமேல் படிவுகள் தடித்து, எண்ணிக்கை குறைந்து, இடைவெளி கூடிவிட்டால் வெட்ட வேண்டிய அவசியமே இல்லை, நடுவில் வளைந்து புகுந்து சுற்றிக்கொண்டு போய்விடும். அங்கிருந்து வலிமை இறங்குமுகம். ஓவர் ஏஜிங் என்பது இதுதான். உச்சி எங்கே என்று தெரிந்து அடுப்பை நிறுத்துவதுதான் டி6.

கணக்குக்கு: 6061 முழுக்க அனீல் செய்த (சூடாக்கி மெதுவாக ஆறவிட்டு மெத்தாக்கிய) நிலையில் சுமார் 55 மெகாபாஸ்கல் இழுவையில் விட்டுக்கொடுக்கும், அதாவது திரும்பி வராதபடி நீளத் தொடங்கும். க்வென்ச் ஆனபின் அறை வெப்பத்திலேயே கிடந்து கெட்டியான டி4-இல் 145, டி6-இல் 275. அதே கட்டி, அதே வேதியியல், ஒரு கிராம்கூட எதுவும் சேர்க்கவில்லை.

இதை யார் கண்டுபிடித்தது?

ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் என்பவர், 1906-இல். தோட்டா உறைகளுக்குப் பித்தளைக்குப் பதிலாக ஏதாவது கிடைக்குமா என்று தேடியவர். 4 சதவீதம் செம்பும் கொஞ்சம் மெக்னீசியமும் போட்ட அலுமினியத்தை எஃகு மாதிரியே சூடாக்கித் தண்ணீரில் முக்கினார், எதிர்பார்த்த அளவு கெட்டியாகவில்லை. வார இறுதி முடிந்து வந்து மறுபடி அளந்தால் கடினம் ஏறியிருந்தது. கருவிதான் கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட்டதாகக் கதை சொல்வார்கள். அதுதான் டியூராலுமின். ஏன் அப்படி ஆனது என்று அவருக்கே தெரியாது. 1919 வாக்கில்தான் அமெரிக்காவில் மெரிக்காவும் கூட்டாளிகளும் வீழ்படிவு விளக்கத்தைச் சொன்னார்கள். 1938-இல் பிரான்சில் கினியேவும் இங்கிலாந்தில் பிரெஸ்டனும் தனித்தனியாக எக்ஸ்ரே வைத்து அந்த ஆரம்பக் கொத்துகளைக் கண்டார்கள். அதனால்தான் இன்றும் அவற்றுக்கு ஜிபி சோன் என்று பெயர்.

எல்லா அலுமினியத்துக்கும் இது செல்லுமா?

செல்லாது. 2, 6, 7 என்று தொடங்கும் வரிசைகளுக்கும் சில வார்ப்பு வகைகளுக்கும் மட்டும். 1, 3, 5 வரிசைகள் தட்டி உருட்டித்தான் கெட்டியாகும். 5052 ஷீட்டைக் கொண்டுவந்து "டி6 பண்ணித் தாங்க அண்ணா" என்று கேட்காதீர்கள், காசையும் வாங்கிக்கொண்டு இருந்த வலிமையையும் எடுத்துவிட்டுத்தான் அனுப்ப முடியும்.

சொல்யூஷன் சூடு எவ்வளவு? கொஞ்சம் கூட வைத்தால் நன்றாகக் கரையுமே?

6061-க்கு 530 டிகிரி. 7075-க்கு 470 பக்கம். 2024-க்கு 488-இலிருந்து 499-க்குள். அந்தக் கடைசி எண்ணைப் பாருங்கள், இடைவெளியே 11 டிகிரிதான். 502-ஐத் தொட்டால் அதற்குள்ளே இருக்கும் சில பகுதிகள் உருகத் தொடங்கிவிடும். கட்டி முழுதும் உருகாது, வடிவமும் அப்படியே இருக்கும், கிரெயின் எல்லையில் மட்டும் உருகி மறுபடி உறைந்திருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், ஆனால் ஜாப் பழைய இரும்புக்கடைக்குத்தான். திரும்ப ட்ரீட்மென்ட் செய்தாலும் மீளாது.

குறைவாக வைத்தால் கரையாது, கூட வைத்தால் உருகும். அதனால் ஃபர்னஸின் டிஸ்பிளே காட்டும் எண்ணை நம்பாமல் ஜாப் நடுவில் தெர்மோகப்பிள் கட்டிப் பாருங்கள். மூலைக்கு மூலை 15 டிகிரி வித்தியாசம் காட்டும் ஃபர்னஸில் 2024 போடுவதும் பரீட்சைக்குப் படிக்காமல் போவதும் ஒன்று. நேரத்தைப் பொறுத்தவரை, 25 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஒன்றரை மணி நேரம் அளவு, அதுவும் ஜாப் சூடேறியபின் எண்ண வேண்டும், கதவை மூடிய நொடியிலிருந்து அல்ல.

ஃபர்னஸிலிருந்து தொட்டிக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கலாம்?

விமானத் துறை விதிப்படி, 2.3 மில்லிமீட்டருக்குமேல் தடிமன் உள்ளவற்றுக்கு 15 நொடி. அதற்குக் கீழே தடிமன் குறையக் குறைய 10, 7, கடைசியில் 0.4 மில்லிமீட்டருக்கும் மெல்லிய தகட்டுக்கு 5 நொடி. கதவு திறக்கத் தொடங்கியதிலிருந்து கடைசி மூலை தண்ணீருக்குள் மறையும் வரை எண்ண வேண்டும்.

எங்கள் ஷாப்பில் ஒரு பையன் ஸ்டாப்வாட்சோடு நிற்பான், அது மட்டுமே அவன் வேலை. கதவு மேலே போகும், கூடை தள்ளுவண்டியில் வெளியே வரும், ஹாய்ஸ்ட் கொக்கி மாட்டும், இறங்கும். தண்ணீர் ஒரு முறை உறுமிவிட்டு அடங்கும். "ஒன்பது, அண்ணா" என்பான். பதினொன்று என்றால் ஏன் என்று கேட்பேன். ஒரு தடவை அவன் ஒன்றும் சொல்லாமல் நின்றான். கொக்கி கூடைக் காதில் சரியாக உட்காராமல் இரண்டு தரம் நழுவியிருக்கிறது, மூன்றாவது முயற்சியில்தான் மாட்டியது, 26 நொடி. உள்ளே இருந்தது 3 மில்லிமீட்டர் 7075 பிராக்கெட்கள், நூற்றுச்சொச்சம். சூடு 400-க்குக் கீழே இறங்கி 300 வரை போகும் பகுதிதான் ஆபத்தானது, அங்கேதான் கல்கண்டு மிக வேகமாகப் பிடிக்கும். மெல்லிய ஜாப் காற்றிலேயே அந்தப் பகுதியை எட்டிப் பார்த்துவிடும். வாடிக்கையாளருக்குத் தெரியாது, ஏஜிங் போட்டு அனுப்பியிருந்தால் ஹார்ட்னஸ்கூடக் கீழ் எல்லையை ஒட்டி வந்திருக்கலாம். முழு லாட்டையும் திரும்ப ஃபர்னஸில் ஏற்றினோம். அன்று ராத்திரி கடைசி மெட்ரோவும் போய்விட்டது. மறுநாள் முதல் வேலையாகக் கொக்கியை மாற்றினேன்.

தண்ணீர் தண்ணீர்தானே, அதில் என்ன பார்க்க வேண்டியிருக்கிறது?

தோசைக்கல் நன்றாகக் காய்ந்தபின் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும்? சொர்ரென்று ஆவியாகாமல் முத்து முத்தாக உருண்டு ஓடும். துளிக்கு அடியில் நீராவி மெத்தை. கல் கொஞ்சம் ஆறினால்தான் சுர்ரென்று ஒட்டும். 500 டிகிரி அலுமினியம் தண்ணீருக்குள் போகும்போது அதே மெத்தை ஜாப்பைச் சுற்றிப் போர்வையாக நிற்கிறது, அது இருக்கும் வரை தண்ணீர் உலோகத்தைத் தொடவே இல்லை. போர்வை கிழிந்து கொதி ஒட்டியபின்தான் சூடு சடசடவென்று இறங்கும்.

போர்வை எவ்வளவு நேரம் நிற்கும் என்பது தண்ணீரின் சூட்டையும் கலக்கலையும் பொறுத்தது. 60, 70 டிகிரிக்குமேல் சூடான தண்ணீரில் வெகு நேரம் நிற்கும். உருட்டிய, பிழிந்த ஜாப்களுக்கு எங்கள் கணக்கு: 30-க்குக் கீழே தொடங்க வேண்டும், முடியும்போது 40-ஐத் தாண்டக் கூடாது. 2000 லிட்டர் தொட்டியில் 100 கிலோ ஜாப்பை இறக்கினால் தண்ணீர் சுமார் 6 டிகிரி ஏறும். ஒரு லோடுக்குப் பரவாயில்லை. நாலு லோடு அடுத்தடுத்து, அதுவும் ஏப்ரல் மாதத் தகர ஷெட்டில் இறக்கிவிட்டு, காலையில் போட்டதும் மாலையில் போட்டதும் ஏன் வேறு வேறு என்று கேட்டால் எப்படி. பம்போ புரொப்பல்லரோ வைத்துக் கலக்கிக்கொண்டே இருங்கள். கூடையில் ஜாப்பை அடுக்கும்போது இட்லித் தட்டு மாதிரி இடைவெளி விடுங்கள், ஒன்றோடொன்று ஒட்டிய இடத்தில் நீராவி மாட்டிக்கொண்டு அந்த முகம் மட்டும் மெத்தென்று நிற்கும். ஆமாம், பெங்களூருவில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊர் 900 மீட்டருக்குமேல் இருக்கிறதே. வெந்நீர் க்வென்ச்சுக்கு சென்னை ஆட்கள் கொடுத்த எண்ணை அப்படியே போடுகிறவர்கள் இதை ஞாபகம் வைத்தால் நல்லது.

தடிமனான பிளாக்கை முக்கினாலும் நடுவில் வலிமை வரவில்லை. யார் தப்பு?

இயற்பியல் தப்பு. எவ்வளவு கலக்கினாலும் 100 மில்லிமீட்டர் பிளாக்கின் நடுப்பகுதி தன் சூட்டை வெளியே கடத்தித்தான் ஆறும். ஆனால் எந்த உலோகக்கலவை எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பது வேறுபடும், இங்கேதான் நுண்கட்டமைப்பு பேசுகிறது.

7075-இல் கிரெயினைக் கட்டுக்குள் வைக்கக் குரோமியம் சேர்ப்பார்கள். அது உண்டாக்கும் நுண்துகள்கள் சுற்றியுள்ள அலுமினிய அடுக்கோடு பொருந்தாமல் துருத்திக்கொண்டிருக்கும். மெதுவாக ஆறும்போது துத்தநாகமும் மெக்னீசியமும் "உட்கார இடம் கிடைத்தது" என்று அவற்றின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். கல்கண்டுக்கு நூல் கட்டி வைத்த மாதிரி. 7050-இல் குரோமியத்துக்குப் பதில் சிர்கோனியம். அதன் துகள்கள் அடுக்கோடு ஒத்துப்போவதால் ஒட்ட இடம் குறைவு, அதனால் நிதானமாக ஆறினாலும் தாங்கும். தடித்த விமானப் பிளேட்டுகள் 7075-இலிருந்து 7050-க்கு நகர்ந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

6 வரிசையிலும் இதே பேதம் உண்டு. ஜன்னல் ஃபிரேமுக்கு வரும் 6063-இல் கலக்கும் சரக்கு குறைவு, குரோமியமும் சேர்ப்பதில்லை, எக்ஸ்ட்ரூஷன் பிரஸ்ஸிலிருந்து வரும்போது ஃபேன் காற்றிலேயே பெரும்பாலும் க்வென்ச் ஆகிவிடும். 6061-க்கு அது போதாது, தண்ணீர் தெளித்தாக வேண்டும். "6063-க்கு ஃபேன் போட்டோம் சரியா வந்துச்சு, 6061-க்கும் அதையே போட்டோம்" என்று ஒருவர் லாரி நிறையக் கொண்டுவந்தார். சொல்யூஷனிலிருந்து தொடங்கச் சொன்னேன், முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

முக்கினால் கோணிக்கொள்கிறது, மெஷினிங்கில் வாழைப்பழம் மாதிரி வளைகிறது. என்ன செய்வது?

வேகமாகக் குளிர்த்ததற்கு உலோகம் கேட்கும் வட்டி இது. வெளிப்பக்கம் முதலில் ஆறிச் சுருங்குகிறது, உள்பக்கம் பிறகு சுருங்கி வெளியை இழுக்கிறது. கடைசியில் தோல் அழுத்தத்திலும் நடுப்பகுதி இழுவையிலும் நின்றுவிடும். பிளேட்டாக இருக்கும் வரை சமநிலை. ஒரு பக்கத்தை மட்டும் 10 மில்லிமீட்டர் உரித்தெடுத்தால் சமநிலை போய் வளைந்துவிடும். ஆபரேட்டரைத் திட்டிப் பயனில்லை.

பாக்கெட் ஆழமாகக் குடையும் ஜாப் என்றால் டி6 வாங்காமல் டி651 வாங்குங்கள். க்வென்ச் ஆனபின் ஏஜிங்குக்கு முன் பிளேட்டை 1.5 முதல் 3 சதவீதம் நீளவாக்கில் இழுத்து உள்ளழுத்தத்தைப் பெரும்பாலும் எடுத்திருப்பார்கள். விலை கொஞ்சம் கூட, ஸ்கிராப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. இழுக்க முடியாத வடிவம் என்றால், ரஃப் மெஷினிங் முடித்துவிட்டு ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குக் கொண்டு வாருங்கள், தடிமன் குறைந்தால் தோலுக்கும் நடுவுக்கும் வித்தியாசம் குறையும். கிளைகால் பாலிமர் கலந்த தண்ணீரும் உண்டு. ஜாப்பின்மேல் ஒரு படலம் படிந்து எல்லாப் பக்கமும் சீராகக் குளிர்விக்கும். மெல்லிய தகட்டுக்கு அருமை, தடித்ததற்கு வேகம் போதாமல் போகும். கோணிய ஜாப்பை நிமிர்த்துவது என்றால் க்வென்ச் ஆன கையோடு, மெத்தென்று இருக்கும்போதே நிமிர்த்திவிடுங்கள், ஏஜிங் ஆனபின் சுத்தியலைத் தூக்காதீர்கள்.

க்வென்ச் முடிந்ததும் உடனே ஏஜிங் போட வேண்டுமா, நாளைக்குப் போட்டால் ஆகாதா?

வில்ம் பார்த்தது போலச் சும்மா கிடந்தாலே சில கலவைகள் கெட்டியாகத் தொடங்கும். 2024 நாலு நாளில் பெரும்பாலும் முடித்துவிடும். அந்தக் காலத்திலிருந்து விமான ரிவெட்டுகளை க்வென்ச் செய்த கையோடு ஃப்ரீசரில் வைப்பது இதனால்தான். குளிரில் அணுக்கள் நகராது. வெளியே எடுத்தால் 2024 ரிவெட்டை இருபது நிமிடத்துக்குள் அடித்துவிட வேண்டும், இல்லையென்றால் தலை வெடிக்கும். இந்த ஊரில் விமான வேலையோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புள்ள வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஐஸ்பாக்ஸ் ரிவெட் என்றதும் கதை சொல்வார்கள்.

6061-இல் வேறு வம்பு. அறையில் ஒரு நாள் கிடந்தால் சின்னச் சின்னக் கொத்துகள் தப்பான விதமாகச் சேர்ந்துகொண்டு காலி இடங்களையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு 175-இல் போட்டாலும் ஊசிகள் கொஞ்சம் தடிப்பாக, குறைவாகவே வரும், டி6 உச்சி சற்று இறங்கும். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் கீழ் எல்லையை ஒட்டி ஓடும் ஜாப்புக்கு அதுவே ரிஜெக்ட். சனிக்கிழமை க்வென்ச், திங்கட்கிழமை ஏஜிங் என்ற பழக்கம் வேண்டாம். 7075 அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும், அதனால்தான் அதை டி4 என்று யாரும் விற்பதில்லை.

ஏஜிங் நடுவில் கரண்ட் போய்விட்டால்?

ஏஜிங் என்றால் பயமில்லை, கதவைத் திறக்காமல் வைத்திருந்து, போன நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் மீதியை ஓட்டுங்கள், லாக் புத்தகத்தில் எழுதுங்கள். சொல்யூஷன் நடுவில் போனால் ஜாப்பை க்வென்ச் செய்யாதீர்கள். சூடு இறங்கியபோதே கல்கண்டு பிடிக்கத் தொடங்கியிருக்கும். சூடேற்றி மறுபடி முழு நேரமும் எண்ணுங்கள்.

ஹார்ட்னஸ் சரியாக வந்துவிட்டால் பாஸ் போடலாமா?

போடலாம், பாதி உண்மைக்கு. ஹார்ட்னஸ் ஒரு மலை மாதிரி: ஏறும்போதும் ஒரு உயரம் வரும், இறங்கும்போதும் அதே உயரம் வரும். நீங்கள் எந்தப் பக்கச் சரிவில் நிற்கிறீர்கள் என்று அது சொல்லாது. அதற்குத்தான் மின்கடத்து திறன் பார்க்கும் எடி கரண்ட் மீட்டர். கரைந்து கிடக்கும் அணுக்கள் மின்சாரத்தைத் தடுக்கும், படிவாக வெளியேறிவிட்டால் பாதை சுத்தமாகும். 6061 டி4-இல் 40 ஐஏசிஎஸ் சதவீதம் (செம்பின் கடத்து திறனை 100 என்று வைத்து அளப்பது), டி6-இல் 43, அனீல் செய்ததில் 47 என்கிற ரீதியில் வரும். ஹார்ட்னஸ் குறைவு, கடத்து திறன் அதிகம் என்றால் க்வென்ச் மந்தம் அல்லது ஓவர் ஏஜிங். இரண்டும் குறைவு என்றால் ஏஜிங் பற்றவில்லை, இன்னும் சில மணி நேரம் போட்டால் பிழைத்துக்கொள்ளும். இந்த ஒரு மீட்டர் எனக்கு மிச்சப்படுத்திய சண்டைகள் எத்தனையோ.

இன்னொரு விஷயம், ஹார்ட்னஸுக்குத் தெரியாதது. மந்தமாக க்வென்ச் ஆன 2024-இல் கிரெயின் எல்லை நெடுகச் செம்புப் படிவுகள் சங்கிலியாக நிற்கும், அதையொட்டி இரண்டு பக்கமும் செம்பு வறண்ட பட்டை. ஈரம் பட்டால் அந்தப் பட்டை வழியே அரிப்பு உள்ளே இறங்கும். கடினம் நல்ல எண் காட்டும், ஒரு மழைக்காலம் போனபின் தகடு தகடாக உரியும். 7075 டி6-க்குத் தடிமன் திசையில் இழுவை இருந்தால் அரிப்பு விரிசல் பயம் தனியாக உண்டு. அதனால்தான் வேண்டுமென்றே உச்சியைத் தாண்டி ஏஜ் செய்து, வலிமையில் பத்துப் பதினைந்து சதவீதம் விட்டுக்கொடுத்து டி73 என்று வாங்குகிறார்கள்.

டை காஸ்டிங் ஜாப்பை டி6 செய்து தர முடியுமா?

சாதாரண பிரஷர் டை காஸ்டிங் என்றால் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். அச்சுக்குள் பீய்ச்சியடிக்கும்போது காற்று மாட்டிக்கொண்டிருக்கும், 500 டிகிரிக்குச் சூடாக்கினால் அப்பளம் மாதிரி கொப்புளம் எழும். கிராவிட்டி காஸ்டிங்கில் எல்எம்25 என்றால் தாராளமாகச் செய்யலாம், அதற்கு வெந்நீர்தான், 65 டிகிரிக்குமேல், இல்லாவிட்டால் மெல்லிய மூலைகள் விரிசல் விட்டுவிடும்.

டி6 ஃபிரேமை வெல்டிங் செய்தால்?

வெல்டுக்குப் பக்கத்தில் ஓரிரு அங்குலத்துக்கு அவ்வளவு பாடுபட்டு வளர்த்த ஊசிகள் எல்லாம் கரையும் அல்லது தடிக்கும். அறுவதற்கு முன் 310 மெகாபாஸ்கல் வரை தாங்கிய 6061 டி6, அந்த இடத்தில் 165 அளவுக்கு வந்துவிடும். அதற்கேற்பத் தடிமன் போட்டு டிசைன் செய்யுங்கள், அல்லது வெல்டிங் முடித்து முழு ஃபிரேமையும் சொல்யூஷனிலிருந்து தொடங்க வேண்டும், அது கோணாமல் வருமா என்பது தனிக் கவலை.

டி6 ஆக்கினால் ஜாப் கம்மியாக வளையுமா?

வளையும் அளவு மாறாது. அனீல் செய்ததும் டி6-உம் ஒரே எடையைத் தூக்கினால் ஒரே அளவுதான் தொய்யும், இரண்டுக்கும் விறைப்பு சுமார் 70 கிகாபாஸ்கல். எடையைக் கூட்டிக்கொண்டே போனால்தான் வித்தியாசம்: டி6 திரும்பி வரும், மெத்தானது திரும்பி வராது. தொய்வு குறைய வேண்டுமென்றால் தடிமனைக் கூட்டுங்கள்.

தப்பாகப் போனதை மறுபடி செய்யலாமா?

உருகாமல் இருந்தால் செய்யலாம், சொல்யூஷனிலிருந்து. மேலே சுத்த அலுமினியத் தோல் போர்த்திய ஷீட்டுக்கு மட்டும் எண்ணிக்கை கட்டுப்பாடு உண்டு, ஒவ்வொரு சூட்டிலும் உள்ளே இருக்கும் செம்பு தோலுக்குள் ஊறி அரிப்புத் தடுப்பைக் கெடுத்துவிடும். மூன்றாவது தரம் அதே ஜாப்பைக் கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்பேன், ஜாப்பை அப்புறம் பார்க்கலாம்.

பவுடர் கோட்டிங் அடுப்பில் போனால் டி6 கெட்டுவிடுமா?

இந்தக் கேள்வி இப்போது வாரம் ஒன்றாவது வருகிறது, சைக்கிள் பாகம், டிரோன் பாகம் செய்கிறவர்களிடமிருந்து. 6061 டி6 என்றால் 200 டிகிரியில் கால் மணி நேரத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, அதன் ஏஜிங்கே 175. 7075 டி6 ஏஜ் ஆனது 120-இல். அதை 200-இல் வைத்தால் உச்சியிலிருந்து கீழே நடக்கத் தொடங்கிவிடும், கோட்டிங்காரர் "கலர் சரியா வரல" என்று இரண்டாம் தரம் போட்டால் இன்னும் கீழே. சூடு குறைவான பவுடர் கேளுங்கள், அல்லது அனோடைசிங் பண்ணுங்கள். அதுவும் முடியாதென்றால், அனுப்புவதற்கு முன்னும் வந்த பின்னும் அதே துண்டில் ஹார்ட்னஸ் பார்த்து எழுதி வையுங்கள், யார் அடுப்பில் இறங்கியது என்ற பேச்சு வரும்போது கையில் எண் இருக்கும்.